பச்சிளம் குழந்தைக்கு சீலியாக் மரபணுச் சோதனை எடுக்கலாமா?

கேள்வி:
எனக்கு சீலியாக் (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) இருக்கிறது, பயாப்சியில் (குடல் திசுச் சோதனை) உறுதியானது. வீட்டில் கோதுமையே வாங்குவதில்லை. மகளுக்கு 4 மாதம். கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எச்.எல்.ஏ. (சீலியாக் வர வாய்ப்பு உண்டா என்று காட்டும் மரபணு) பார்க்கலாம் என்கிறார்கள். பாசிட்டிவ் என்று வந்தால் அவளுக்கும் கோதுமையை நிறுத்திவிட வேண்டுமா?

பதில் 1:
எடுக்கலாம். ஆனால் இந்தச் சோதனை 'இல்லை' என்று சொன்னால்தான் பெரிய பயன். டி.க்யூ.2, டி.க்யூ.8 என்ற இரண்டு எச்.எல்.ஏ. வகைகளும் இல்லையென்றால் சீலியாக் வருவது மிக அரிது, அடிக்கடி ரத்தம் எடுக்கும் வேலை மிச்சம். 'இருக்கிறது' என்பது நோய் அல்ல. ஊரில் மூன்றில் ஒருவருக்கு இருக்கும், அவர்களில் மிகச் சிலருக்கே நோய் வரும்.

வெறும் 'பாசிட்டிவ்' என்று எழுதித் தரும் லேப் வேண்டாம். எந்த வகை, எத்தனை பிரதி (ஒரு பெற்றோரிடமிருந்து வந்ததா, இருவரிடமிருந்துமா) என்று கேட்டு வாங்குங்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்த டெடி ஆய்வில், டி.க்யூ.2 இரட்டைப் பிரதியாக இருந்த குழந்தைகளில் 11% பேருக்கு 5 வயதுக்குள் நோய் வந்தது. டி.க்யூ.2 ஒன்று, டி.க்யூ.8 ஒன்று என்றிருந்தால் 3%தான்.

இன்னொன்று: பால் குடித்த கையோடு மாதிரி எடுக்காதீர்கள். தாய்ப்பாலில் உங்கள் செல்களும் இருக்கும், உங்கள் மரபணு அவள் ரிப்போர்ட்டில் ஏறிவிடும். அரை மணி நேரமாவது விட்டு, வாயைத் துடைத்துவிட்டு எடுங்கள்.

பதில் 2:
கோதுமையை நிறுத்தாதீர்கள். குழந்தைக்கு குளூட்டனை எப்போது தொடங்குவது என்று 2014-இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்றில் 4 மாதத்திலிருந்தே தினம் 100 மி.கி. குளூட்டன் கொடுத்தார்கள், பாதுகாப்பு கிடைக்கவில்லை. இத்தாலியில் ஒரு வயது வரை தள்ளிப்போட்டார்கள். நோய் தாமதமானதே தவிர, 5 வயதில் எண்ணிக்கை குறையவில்லை. 6 மாதத்தில் மற்ற திட உணவோடு ரவைக் கஞ்சியைக் கொஞ்சமாகத் தொடங்குங்கள், போதும்.

மரபணு இருந்தால் 2-3 வயதில் டி.டி.ஜி.-ஐ.ஜி.ஏ. (சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்பொருளுக்கான ரத்தச் சோதனை) எடுங்கள், கூடவே மொத்த ஐ.ஜி.ஏ. (அந்த வகை எதிர்ப்பொருளின் மொத்த அளவு) பாருங்கள். மொத்த அளவு குறைவென்றால் டி.டி.ஜி. நெகட்டிவை நம்ப முடியாது, ஐ.ஜி.ஜி. என்ற வேறு வகை எதிர்ப்பொருளைப் பார்க்கும் சோதனை கேளுங்கள். எடை ஏறாமல் நின்றாலோ, பேதி நீடித்தாலோ, இரும்புச் சத்து குறைந்தாலோ அந்த வயது வரை காத்திருக்க வேண்டாம்.

பதில் 3:
"நம்ம பக்கம் இது வராது" என்று யாராவது சொல்வார்கள். 2016-இல் வெளியான இந்திய ஆய்வில் இந்த மரபணு வடக்கே 38.1%, தெற்கே 36.4%, ஏறத்தாழ சமம். ஆனால் ரத்தத்தில் சீலியாக் எதிர்ப்பொருள் இருந்தவர்கள் வடக்கே 1.23%, தெற்கே 0.10%. சாப்பிடும் கோதுமையோ நாளுக்கு வடக்கே 455 கிராம், தெற்கே 25 கிராம்.

உங்கள் வீட்டில்தான் சிக்கல். இட்லியும் சோறும் மட்டும் சாப்பிடும் குழந்தைக்கு டி.டி.ஜி. பொய்யாக நெகட்டிவ் காட்டலாம். ரத்தம் எடுப்பதற்கு முன் குறைந்தது 6 வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் சப்பாத்தி, சேமியா, ரொட்டி என்று ஏதாவது உள்ளே போக வேண்டும். அவளுக்குத் தனி தோசைக்கல், தனி டப்பா வையுங்கள். அவளுடைய கோதுமை உணவு உங்கள் தட்டில் விழக்கூடாது.