முடக்கு வீட்டுக் குழு: பெரியப்பாவின் வாங்கு

சனிக்கிழமை

ரஞ்சி அக்கா (காலை 7:04): எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் ஆட்டைத் திவசம் 23ஆம் திகதி. ஐயருக்குச் சொல்லியாயிற்று. சமையலுக்கு வழக்கமான ஆள்தான். இன்னொரு விஷயம். 31ஆம் நாளுக்கு எவர்சில்வர் கிண்ணம் கொடுத்தோம், இந்த முறை அதெல்லாம் வேண்டாம் என்று அம்மா சொல்கிறார். அந்தக் காசில் ஒழுங்கை முடக்கில், அப்பா வழக்கமாக இருக்கும் இடத்தில், ஆட்கள் வந்து இருக்க ஒரு வாங்கு போடலாமா?

குகன்: நல்லது

தர்ஷி: தாத்தாவின் மதகு!!

பவளம் மாமி: மதகு எங்கே இருக்கிறது? தண்ணீர்க் கான் திருத்தும்போது உடைத்துப் பலகை போட்டு மூடியாயிற்றே. அண்ணன் அதைப் பார்க்காமல் போனது நல்லது.

சிவம் மாமா: அன்புள்ள மருமக்களுக்கு, மிகவும் பொருத்தமான யோசனை. அத்தான் மாலை ஐந்து மணிக்கு அந்த மதகில் வந்து இருந்தால் ஒழுங்கையில் யாருக்கும் மணிக்கூடு தேவைப்படாது. இப்படிக்கு, சிவம் மாமா.

குகன்: மாமா, பெயர் மேலேயே வருகிறது

சிவம் மாமா: தெரியும். இப்படிக்கு, சிவம் மாமா.

உதயன் (காலை 8:31): அக்கா, நான் இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லட்டுமா. வாங்கு போடுவது பெரிய வேலை இல்லை. எங்கே போடுகிறோம், எந்தப் பக்கம் பார்க்கப் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஊரில் எத்தனை வாங்கு வெயிலில் காய்ந்துகொண்டு கிடக்கிறது, பக்கத்து மரத்து வேரில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள்.

குகன்: தொடங்கிவிட்டான்

தர்ஷி: உதயன் மாமா, அங்கே இப்போது இரவு பதினொன்று. தூங்குங்கள்.

உதயன்: இரு பிள்ளை. நியூயோர்க்கில் வில்லியம் வைட் என்று ஒருவர். அங்கே 1961இல் ஒரு விதி வந்தது: கட்டடத்துக்கு முன்னால் பொதுமக்களுக்கு வெளி விட்டால் மேலே கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம். வெளிகள் நிறைய வந்தன, ஆட்கள்தான் வரவில்லை. சிலவற்றில் மட்டும் மதியத்தில் கூட்டம் நெரிந்தது. ஏன் என்று தெரிய வைட் 1970களில் கமெராவை வைத்துப் படம் பிடித்துப் பார்த்தார். வெயிலா, அழகா, அகலமா என்று எல்லாம் அளந்து கடைசியில் அவர் கண்டது: இருக்க இடம் எங்கே உண்டோ அங்கேதான் ஆட்கள் இருக்கிறார்கள்.

குகன்: இதற்குக் கமெரா வேறா

குகன்: அப்பாவைக் கேட்டிருந்தால் சும்மாவே சொல்லியிருப்பார்

உதயன்: அதைத்தான் நானும் சொல்கிறேன் அண்ணா. இன்னொன்றும் கண்டார். இருவர் நின்று கதைக்கும்போது ஒதுங்கிப் போவதில்லை, சனம் போகிற வழியிலேயே நின்று கதைக்கிறார்கள். ஆகவே வாங்கு ஒதுக்குப்புறத்தில் வேண்டாம். நாலு பேர் கடக்கிற முடக்கில்தான் வேண்டும். முதுகுக்குப் பின்னால் மதில், முகத்துக்கு முன்னால் வீதி.

ரஞ்சி அக்கா: குகன், காஸ் வந்துவிட்டதா? இன்று லொறி வரும் என்றார்கள்.

குகன்: வரவில்லை

பவளம் மாமி: முடக்கில் போட்டால் இரவு பெடியள் வந்து இருந்து குடிப்பார்கள். பிறகு போத்தல் பொறுக்குவது யார்? அந்தக் கடைசியில், கோயில் வளவு ஓரமாகப் போடுங்கள்.

உதயன்: மாமி, ஒதுக்கமான இடத்தில்தான் குடிப்பார்கள். ஆள் பார்க்கிற இடத்தில் குடிக்கக் கூச்சம் வரும். ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அம்மா இதை 1961இலேயே எழுதிவிட்டார். வீதிக்குக் காவல் என்பது பொலிஸ் மட்டும் இல்லை, ஜன்னலாலும் வாசலாலும் பார்க்கிற கண்கள்தான் முதல் காவல் என்பது அவர் கட்சி. முந்தி எங்கள் ஒழுங்கையில் இரண்டு பக்கமும் கிடுகு வேலி. உள்ளே இருமினால் வெளியே கேட்கும். இப்போது ஏழடி மதில். ஒழுங்கையில் யார் போகிறார், யார் வருகிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. உயரமான வெறும் மதில்தான் ஒரு வீதியைச் சாகடிக்கிறது.

பவளம் மாமி: யாருடைய மதிலைச் சொல்கிறாய்?

குகன்: ஐயோ

உதயன்: பொதுவாகச் சொன்னேன் மாமி.

பவளம் மாமி: ஏழடி மதில் அந்த ஒழுங்கையில் ஒன்றுதான் இருக்கிறது.

பவளம் மாமி ஒரு செய்தியை நீக்கினார்.

பவளம் மாமி ஒரு செய்தியை நீக்கினார்.

தர்ஷி: அம்மம்மா, முதலாவது எனக்குத் தெரியும். மாமரத்தைப் பற்றித்தானே 😄

ரஞ்சி அக்கா: தர்ஷி, போனை வைத்துவிட்டு வந்து தேங்காய் துருவு.

சிவம் மாமா (காலை 9:20): மதில் கதையை அத்தானோடு எரித்தாயிற்று, இனி அதைக் கிளற வேண்டாம். உதயனுக்கு ஒரு விஷயம் தெரியாது, அவன் அப்போது குழந்தை. யுத்த காலத்தில் முடக்கில் நாலு பேர் சேர்ந்து நின்றால் கேள்வி வரும். ஆறு மணிக்குப் பிறகு படலை பூட்டு, லைட் அணை. வேலி மதிலானது அப்போதுதான், பவளம் வீட்டில் மட்டும் இல்லை. பயத்துக்குக் கட்டியது. அத்தான் மதகில் போய் இருக்கத் தொடங்கியது எப்போது தெரியுமா? சோதனைச் சாவடி எடுத்த பிறகு. முதல் ஒரு மாதம் தனியாகத்தான் இருந்தார். பிறகு தேநீர்க்கடை நானா வந்தார். பிறகு தபால்காரர் சைக்கிளை நிறுத்தினார். இப்படிக்கு, சிவம் மாமா.

ரஞ்சி அக்கா: இது எனக்கே தெரியாது மாமா.

குகன்: எனக்கும்

பவளம் மாமி: எனக்குத் தெரியும். நான்தான் படலைக்குள் நின்று தேநீர் கொடுத்து அனுப்புவேன். கதைக்காத காலத்திலும்.

உதயன்: மன்னிக்க வேண்டும் மாமி.

பவளம் மாமி: சரி சரி. நீ தூங்கு.

உதயன்: ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். சான் பிரான்சிஸ்கோவில் டொனால்ட் அப்பிள்யார்ட் என்ற ஆய்வாளர் மூன்று வீதிகளை ஒப்பிட்டார். நாளுக்கு ஏறத்தாழ 2,000 வாகனம் போகிற வீதியில் ஒருவருக்கு அதே வீதியில் சராசரியாக மூன்று நண்பர்கள். 16,000 வாகனம் போகிற வீதியில் ஒருவருக்கு ஒரு நண்பர்கூட இல்லை, 0.9தான். வாகனம் கூடினால் சத்தம், புகை மட்டும் இல்லை, சிநேகிதமும் போய்விடுகிறது. எங்கள் ஒழுங்கைக்கும் ஒருநாள் அகலமாக்கும் திட்டம் வரும். அப்போது ஒரு வாங்கு இருந்தால்

உதயன்: (பாதியில் அனுப்பிவிட்டேன்) இருந்தால் அதை எடுக்க யாராவது வந்து கேட்க வேண்டியிருக்கும் என்கிறேன்.

குகன்: 0.9 நண்பர் என்றால் அரைத் தலை இல்லாதவரா

தர்ஷி: சுதா அத்தான் மாதிரி

பவளம் மாமி: என் மகனுக்கு என்ன?

ரஞ்சி அக்கா (மாலை 4:48): [படம்] பாருங்கள், மூன்று மான் வந்து செவ்வரத்தை முழுவதையும் தின்றுவிட்டது. கோட்டைக்குள் புல் இல்லையா இவற்றுக்கு?

குகன்: சோழகத்தில் எங்கே புல்

சிவம் மாமா: கோட்டை மான்கள் நகருக்குள் உலாவுவது திருகோணமலைக்குப் பெருமை. இப்படிக்கு, சிவம் மாமா.

ரஞ்சி அக்கா: பெருமையை உங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன் மாமா.

ஞாயிற்றுக்கிழமை

ரஞ்சி அக்கா (காலை 6:40): வாங்குக் கதையை முடியுங்கள். வாங்கு செய்கிற பாஸ் இன்று வருகிறார். தேக்கா, பனையா, கொங்கிறீற்றா?

குகன்: கொங்கிறீற். யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது

தர்ஷி: கச்சான் காற்றுக் காலத்தில் மத்தியானம் கொங்கிறீற்றில் இருந்து பாருங்கள். தோசைக்கல்.

உதயன்: தர்ஷி சொல்வது சரி. மரம்தான் நல்லது. சாய முதுகும் இரண்டு பக்கமும் கைப்பிடியும் கட்டாயம். கைப்பிடி அழகுக்கு இல்லை, முழங்கால் வலி உள்ளவர் அதை ஊன்றித்தான் எழும்புவார். உயரம் ஒன்றரை அடிக்குக் குறையக் கூடாது, தாழ்வாக இருந்தால் சிவம் மாமா இருந்துவிடுவார், எழும்பமாட்டார்.

சிவம் மாமா: உண்மை.

குகன்: இப்படிக்கு எங்கே மாமா

உதயன்: வெயிலையும் யோசியுங்கள். ஒழுங்கை கிட்டத்தட்ட வடக்குத் தெற்காகப் போகிறது, கடல் கிழக்கே. வாங்கை மேற்குப் பக்கம், மதிலுக்குக் கீழே போட்டால் மூன்று மணிக்குப் பிறகு மதில் நிழல் விழும், முகத்துக்குக் கடல் காற்று வரும். கிழக்குப் பக்கம் போட்டால் பின்நேர வெயில் கண்ணில் அடிக்கும்.

தர்ஷி: மேற்குப் பக்கத்து மதில் யாருடையது?

குகன்: 🙊

பவளம் மாமி: என்னுடையதுதான். இப்போது மதில் நிழல் வேண்டுமாம். சாகடிக்கிற மதில்.

உதயன்: மாமி...

பவளம் மாமி: நிழலுக்குக் காசு கேட்கமாட்டேன். போடுங்கள். ஆனால் மதிலில் ஆணி அடிக்கக் கூடாது.

ரஞ்சி அக்கா: 🙏

குகன்: ஒழுங்கை பன்னிரண்டு அடி. வாங்கு, கால் நீட்டுகிற இடம் எல்லாம் சேர்த்து மூன்றடி போகும். தண்ணீர் பவுசர் திரும்புமா? நவராத்திரிக்குக் கும்பம் வரும்போது சனம் எங்கே போவது?

சிவம் மாமா: கும்பத்துக்கும் சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வருவதற்கும் நாங்களே வாகனம் எல்லாம் எடுத்து, வீதி கழுவி, வாசலில் நிறைகுடம் வைக்கிறோம். அன்றைக்கு வீதி யாருக்கு என்று யாரும் கேட்பதில்லை. வாங்கை ஒரு நாள் தூக்கி உள்ளே வைத்தால் போகிறது. இப்படிக்கு, சிவம் மாமா.

குகன்: கொங்கிறீற் என்றால் தூக்க முடியாது. சரி, மரம்

உதயன்: வெளிநாட்டுக்காரன் கதை என்று நினைக்காமல் கேளுங்கள். கொப்பன்ஹேகனில் 1962இல் நகர நடுவில் இருந்த ஸ்ட்ரொயெட் வீதியில் வாகனத்தை நிறுத்தியபோது கடைக்காரர்கள்தான் முதலில் எதிர்த்தார்கள். எங்கள் குளிருக்கு யார் வெளியில் வந்து இருப்பார்கள் என்றார்கள். இருந்தார்கள். பக்கத்திலேயே பாருங்கள், புதுச்சேரிக் கடற்கரை வீதியில் மாலையில் வாகனம் விடுவதில்லை, ஊரே நடக்கிறது. நாங்கள் எங்கள் வெயிலுக்கு யார் வருவார்கள் என்கிறோம். டச்சுக் குடாவில் ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள், இஸ்ஸோ வடைக்காரனைச் சுற்றி எத்தனை பேர். மணலில்தான் இருக்கிறார்கள், ஏனென்றால்

குகன்: இருக்க இடம் இல்லை

குகன்: பாடமாகிவிட்டது

ரஞ்சி அக்கா: கானுக்கு மேல் நிரந்தரமாக ஏதாவது வைத்தால் கேள்வி கேட்பார்களா?

குகன்: கேட்பார்கள். மாரியில் கான் துப்புரவாக்கப் பலகையைத் தூக்க வேண்டும். எழுத்தில் கேட்டு அனுமதி எடுப்பது நல்லது

பவளம் மாமி: அனுமதி வருவதற்குள் அண்ணனுக்கு இரண்டாம் ஆட்டை வந்துவிடும்.

உதயன்: அப்படியென்றால் முதலில் இரண்டு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். ஒரு கிழமை. யார் இருக்கிறார்கள், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் இழுத்துப் போடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு அந்த இடத்தில் வாங்கைப் போடலாம். வைட் கவனித்த இன்னொரு விஷயம், கதிரை அசைகிறது என்றால் ஆட்கள் இருப்பதற்கு முன் கொஞ்சமாவது நகர்த்துவார்கள். நாலு விரற்கடைதான் நகரும், ஆனால் நகர்த்தாமல் இருக்கமாட்டார்கள்.

தர்ஷி: நான் எண்ணுகிறேன்.

ரஞ்சி அக்கா: நீ படி. குகன் எண்ணட்டும்.

குகன்: நான் கடையில்

ரஞ்சி அக்கா: பெயர் எழுதுவதா வேண்டாமா? கல்லில் அப்பாவின் பெயர்?

பவளம் மாமி: எழுத வேண்டும்.

சிவம் மாமா: எழுதலாம்.

தர்ஷி: வேண்டாம். பெயர் இருந்தால் ஆட்கள் இருக்கப் பயப்படுவார்கள், சமாதி மாதிரி.

குகன்: அம்மாவைக் கேட்போம்

ரஞ்சி அக்கா: அம்மா தூக்கம். பிறகு.

திங்கட்கிழமை

தர்ஷி (மாலை 5:02): [படம்] இரண்டு நீலக் கதிரை வைத்தாயிற்று. மதில் நிழல் சரியாக வந்துவிட்டது.

தர்ஷி (மாலை 5:20): ஒருவரும் வரவில்லை. ஒரு மான் வந்து மணந்து பார்த்தது.

தர்ஷி (மாலை 5:36): நானா வந்தார். இருக்கவில்லை. இது யாருடைய கதிரை என்று கேட்டார். தாத்தாவுடையது என்றேன்.

தர்ஷி (மாலை 5:37): இருந்தார். முதலில் கதிரையை இழுத்தார். நாலு விரற்கடை!!

உதயன்: சொன்னேனா இல்லையா

குகன்: நீ இன்னும் தூங்கவில்லையா

உதயன்: இங்கே காலை எட்டு அண்ணா.

சிவம் மாமா: நான் ஆறு மணிக்கு வருகிறேன். இப்படிக்கு, சிவம் மாமா.

செவ்வாய்க்கிழமை

ரஞ்சி அக்கா (காலை 6:15): முடக்கில் ஒரு கதிரையைக் காணவில்லை.

குகன்: கொங்கிறீற் என்று சொன்னேன்

தர்ஷி: நேற்று ஒன்பது மணிக்கும் இருந்ததே. ஆறு பேர் இருந்தார்கள், இரண்டு பேர் கதிரையில், மற்றவர்கள் நின்றுகொண்டு.

உதயன்: ஆறு பேரா!

ரஞ்சி அக்கா: கதிரையைக் கேட்கிறேன் உதயன்.

பவளம் மாமி (காலை 6:52): கதிரை என் படலைக்குள் இருக்கிறது. நேற்று இரவு அவர்கள் கதை முடியவில்லை, நானும் அதைக் கொண்டுபோய்ப் படலையைத் திறந்து வைத்துவிட்டு இருந்தேன். பிறகு வெளியில் வைக்க மறந்துவிட்டேன். பாஸ் வந்தால் என்னிடம் அனுப்புங்கள், படலையை அகலமாக்க என்ன விலை என்று கேட்க வேண்டும்.

குகன்: வாங்கு?

ரஞ்சி அக்கா: பாஸ் நேற்றும் வரவில்லை. இன்று வருவாராம்.

குகன்: காஸ் லொறியும் அப்படித்தான் சொன்னது