கைப்பேசி மழை என்கிறது, வாசலில் வெயில் அடிக்கிறது: ஐந்தாம் வகுப்புக்கு வானிலை கற்பிப்பது பற்றி

செல்லம்பட்டி ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். உசிலம்பட்டிக்கு அருகில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்துக் கற்பித்து வருகிறேன். இரண்டு வகுப்பிலுமாகப் பத்தொன்பது பேர். எங்கள் பள்ளிக்குத் திறன் வகுப்பறைத் திரை வந்துவிட்டது. இணையமும் இருக்கிறது, ஆனால் அது வருவதும் போவதும் அதன் விருப்பம்.

சென்ற செவ்வாய்க்கிழமை வானிலைப் பாடத்தைத் தொடங்கும் முன்பாக, எங்கள் ஊர்ப் பெயரைத் தேடி அன்றைய முன்னறிவிப்பைத் திரையில் காட்டினேன். பிற்பகல் மூன்று மணிக்கு நேராக ஒரு மேகமும் மூன்று துளிகளும் இருந்தன. மூன்று மணி ஆனதும் பிள்ளைகள் அனைவரும் வாசலுக்கு ஓடினார்கள். ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்ததே தவிர, ஒரு துளிகூட விழவில்லை. ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் திரும்பிப் பார்த்து, “டீச்சர், போன் பொய் சொல்லுமா?” என்று கேட்டான். சில நேரம் தவறிவிடும் என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை.

இணையத்தில் வானிலை பற்றிச் சிறுவர்களுக்கான காணொளிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வெளிநாட்டு வானத்தைக் காட்டுகின்றன. இலையுதிர் காலம், பனிப்பொழிவு, உறைந்த ஏரி ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, நமக்கு எந்த மாதம் டீச்சர் அப்படி விழும் என்று கேட்கும் பிள்ளையிடம் என்ன சொல்வது? எங்கள் ஊரின் காற்றையும் மழையையும் வைத்தே, இணையத்தைத் துணையாகக் கொண்டு இந்தப் பாடத்தை நடத்தியவர்கள் இங்கு இருந்தால், எந்தப் பக்கத்தை எந்த வரிசையில் காட்டினீர்கள் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டுகிறேன்.

மேலூர் அறிவியல் ஆசிரியர்

வணக்கம் சகோதரி. அந்தச் சிறுவனின் கேள்வியைப் பாடத்தின் முதல் வரியாகவே வைத்துக்கொள்ளுங்கள். சமாளிக்கத் தேவையில்லை, உண்மையான பதில் அவன் புரிந்துகொள்ளக் கூடியதுதான்.

கைப்பேசியில் வரும் முன்னறிவிப்பு உங்கள் ஊர் வானத்தை யாரோ அண்ணாந்து பார்த்துச் சொன்னது அன்று. உலகம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்று, வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றைக் கணினி கணக்கிடுகிறது. ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையத்தின் கணக்கில் ஒரு கட்டம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் அகலம். 2025 மே மாதம் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த பாரத் முன்னறிவிப்பு முறையில் அது 6 கிலோமீட்டர். அத்தனை பெரிய கட்டத்துக்குள் எத்தனை ஊர்கள் அடங்கும் என்று எண்ணிப் பாருங்கள். கண்மாயின் அந்தக் கரையில் மழை கொட்டும்போது இந்தக் கரையில் தூறல்கூட இல்லாததை நம் பிள்ளைகள் கண்ணால் கண்டவர்கள். தரை சூடேறி எழும் காற்றால் வரும் வெப்பச்சலன மழை அப்படித்தான் பெய்யும். நான் கணித நோட்டின் கட்டம் போட்ட தாளில் எங்கள் ஒன்றியத்தின் வரைபடத்தை வரையச் செய்து, ஒரு கட்டத்துக்கு ஒரே ஒரு எண் மட்டும் எழுதலாம் என்று சொன்னேன். எந்த ஊருக்கான எண்ணை எழுதுவது என்று அவர்களுக்குள் சண்டையே வந்துவிட்டது. அந்தச் சண்டை போதும், நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இதற்கெல்லாம் முன்பாகப் பள்ளிக்கென்று ஒரு மழைமானி வேண்டும். நேரான சுவர் கொண்ட பிளாஸ்டிக் பாட்டிலின் மேற்பகுதியை அறுத்து, அதையே தலைகீழாகப் புனல் போலச் செருகுங்கள். பாட்டிலின் அடிப்பகுதி மேடுபள்ளமாக இருக்கும். சிறு கூழாங்கற்களைப் போட்டு, நேர்ச்சுவர் தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழி என்று குறியுங்கள். அங்கிருந்து அளவுகோலை ஒட்டினால் மில்லிமீட்டர் கிடைத்துவிடும். குறுகிய பாட்டிலில் அதிகமாகத் தேங்காதா என்று கட்டாயம் கேட்பார்கள். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள எவர்சில்வர் டப்பா ஒன்றையும் அருகில் வைத்துவிடுங்கள். ஒரு மழைக்குப் பிறகு அவர்களே அளந்து தெரிந்துகொள்வார்கள்.

அடுத்து, ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் நீர். வகுப்பறைக் கூரை ஆறு மீட்டருக்கு ஆறு மீட்டர் என்றால், 10 மில்லிமீட்டர் மழையில் 360 லிட்டர் விழுந்திருக்கிறது. பதினைந்து லிட்டர் குடத்தில் 24 குடம். தண்ணீர் தூக்கிப் பழகிய பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு உடனே உறைக்கிறது. (எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் மழையை ‘ஓர் உழவு’, ‘இரண்டு உழவு’ என்று சொல்வார்கள். அது மண் எவ்வளவு ஆழம் நனைந்தது என்ற கணக்கு. கரிசலுக்கும் செம்மண்ணுக்கும் அது வேறுபடும். வீட்டில் தாத்தாவிடம் கேட்டுவரச் சொல்லுங்கள், ஆனால் மில்லிமீட்டரோடு சமன்படுத்த முயல வேண்டாம்.)

இணையம் இங்கேதான் உள்ளே வருகிறது. சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் தளத்தில் அன்றாட மழையளவு ஊர்வாரியாக வெளியாகிறது. நம் மாவட்டத்தில் உசிலம்பட்டி, பேரையூர், மேலூர், கள்ளந்திரி, சிட்டம்பட்டி, சோழவந்தான் போன்ற ஊர்கள் அந்தப் பட்டியலில் உண்டு. உங்கள் பாட்டிலின் அளவை உசிலம்பட்டியின் அளவோடு ஒப்பிடுங்கள். ஒரு பொறி மட்டும் இருக்கிறது: நாடெங்கும் மழை காலை 8:30 மணிக்கு அளக்கப்படுகிறது; முந்தைய நாள் 8:30 முதல் பெய்ததெல்லாம் அளந்த நாளின் தேதியில்தான் பதிவாகும். செவ்வாய் மாலை பெய்த மழை புதன்கிழமைக் கணக்கில் இருக்கும். இதைக் கவனிக்காமல் முதல் மாதம் முழுவதும் எங்கள் ஒப்பீடு ஒரு நாள் தள்ளியே போனது.

சனி, ஞாயிறில் பள்ளி பூட்டியிருக்கும்போது நீர் ஆவியாவதைக் குறைக்கப் பாட்டிலில் சில சொட்டு எண்ணெய் விட்டால் அது மேலே படலமாக மிதக்கும். 2017 ஏப்ரலில் வைகை அணையில் மிதக்கவிட்ட தெர்மாகோல் அட்டைகளைக் காற்று கரையில் ஒதுக்கிய செய்தியையும் அன்று சொல்லலாம்; ஆவியாதலும் காற்றும் ஒரே பாடத்தில் முடிந்துவிடும்.

சோழவந்தான், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

மேலூர் ஆசிரியர் சொன்ன முறையை ஏற்கிறேன். ஆனாலும் ஓர் எச்சரிக்கை. திரை வந்துவிட்டால் வகுப்பு சினிமாக் கொட்டகையாக மாறிவிடுகிறது. மூன்றாம் வகுப்பு வரை வானிலைக்குத் திரையே வேண்டாம் என்பது என் கருத்து. வாசலில் நின்று மேகத்தைப் பார்த்து வரையட்டும், ஈரத்துணி எத்தனை நேரத்தில் உலர்கிறது என்று பார்க்கட்டும்.

நான்காம், ஐந்தாம் வகுப்புக்குக் காட்டுவதாக இருந்தால் காற்று வரைபடத்தில் தொடங்குங்கள், அம்மா. விண்டி என்னும் தளத்தில் காற்று ஓடுவது கோடு கோடாகத் தெரியும். இங்கே ஒரு குழப்பம் நிச்சயம் வரும். தென்மேற்குக் காற்று என்றால் தென்மேற்கு நோக்கிப் போகும் காற்று என்றே பிள்ளைகள் நினைப்பார்கள். வரைபடத்திலோ அது வடகிழக்கு நோக்கி ஓடும். காற்றுக்குப் பெயர் அது வரும் திசையால் அமைகிறது. இதைச் சொல்லித்தர நமக்குக் கையில் நான்கு சொற்கள் இருக்கின்றன: வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. உங்கள் ஊரில் இப்போது புழுதி வாரும் காற்று மேற்கே கம்பம், தேனிப் பக்கமிருந்து வருவது. கொடிமரத்தின் உச்சியில் ஒரு துணி நாடாவைக் கட்டி, அது பறக்கும் திசையைக் குறித்துக்கொண்டு, அதன் பிறகு திரையைத் திறங்கள். இதே பக்கத்தைக் கார்த்திகையில் மறுபடி திறந்து, காற்று திசை மாறியிருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி விடுங்கள். அதுவரை வடகிழக்குப் பருவக்காற்று என்ற பெயரை எழுதிப்போட வேண்டாம்.

மதுரை, மழைக்கணக்கு வைத்திருப்பவர்

நான் ஆசிரியர் இல்லை. வீட்டு மாடியில் பல ஆண்டுகளாக மழையளவு எடுத்து வருகிறேன். என் மகள் படிக்கும் பள்ளியில் இரண்டு முறை பேச அழைத்தார்கள். செயற்கைக்கோள் படத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் ஆகியவை நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால், ஒரே இடத்தில் நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பது போலப் படம் எடுக்கின்றன. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தளத்தில் அரை மணிக்கு ஒரு படம் கிடைக்கும். உங்கள் பள்ளியில் இணையம் வந்து வந்து போகும் என்கிறீர்கள். முந்தைய நாளே வீட்டில் பத்துப் பன்னிரண்டு படங்களைச் சேமித்து வரிசையாகத் தட்டிக் காட்டினால் மேகம் நகர்வது சினிமா போலவே தெரியும். வகுப்பு நேரத்தில் இணையமே தேவைப்படாது.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் மழை என்று பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் நினைக்கிறார்கள். வெப்பத்தை உணர்ந்து எடுக்கும் அகச்சிவப்புப் படத்தில் குளிர்ச்சியான மேகமுகடு வெள்ளையாகத் தெரியும். உயரத்தில் பஞ்சாகப் பரவி நிற்கும் மழையில்லாத மேகமும் குளிர்ந்ததுதான். கண்ணால் காணும் ஒளியில் எடுத்த படமோ இரவில் கறுத்துப்போகும். இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டி, எது இரவிலும் வேலை செய்கிறது, ஏன் என்று கேளுங்கள். மழை உண்மையிலேயே எங்கே விழுகிறது என்பதை அறிய ராடார் வேண்டும். சென்னை, காரைக்கால், கொச்சி ஆகிய ஊர்களில் டாப்ளர் ராடார்கள் உள்ளன. தொலைவு கூடக் கூட ராடாரின் அலைக்கற்றை நிலத்தைவிட்டு உயர்ந்துகொண்டே போவதால், நம் பக்கத்தில் தாழ்ந்த மேகத்தில் பெய்யும் மழை அதன் கண்ணுக்குத் தப்பிவிடலாம்.

உசிலம்பட்டிப் பிள்ளைகளுக்கு மட்டுமே வாய்த்த ஒரு பாடம் இருக்கிறது. சூன், சூலை மாதப் படங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கத்தில் மேகம் குவிந்து நிற்கும். நம் பக்கம் வெறுமையாக இருக்கும். ஈரக்காற்று மலையில் ஏறும்போது குளிர்ந்து, அங்கேயே மழையை இறக்கிவிட்டு, இறங்கும்போது வெப்பமடைந்து வறண்டு வருகிறது. அப்படி அந்தப் பக்கம் பெய்த மழைதான் 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையில் தேங்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகை அணைக்கு வருகிறது. வைகை அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி. நாள்தோறும் நீர்மட்டம் செய்திகளில் வருகிறது. வைகை அணையிலிருந்து உசிலம்பட்டிப் பக்கம் வரும் 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் திறப்பார்களா என்று வீட்டில் பேசிக் கேட்ட பிள்ளைகள் அவர்கள். தங்கள் ஊரில் ஒரு துளி பெய்யாத வாரத்தில் வைகை அணையின் மட்டம் ஏன் உயர்கிறது என்பதை, இடப்பக்கம் செயற்கைக்கோள் படத்தையும் வலப்பக்கம் நீர்மட்டத்தையும் வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

புயலைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தால் நாசாவின் வேர்ல்டுவியூ தளத்தில் பழைய தேதியைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். 2018 நவம்பர் 15 என்று கொடுத்தால், மறுநாள் அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா கடலில் இருப்பது தெரியும். பெருமழைக்கு 2023 டிசம்பரின் காயல்பட்டினத்தைக் காட்டுங்கள்: டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. பள்ளிச் சுவரில் 95 செ.மீ. உயரத்தில் ஒரு கோடு போட்டுப் பிள்ளைகளை அருகில் நிற்கச் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் மார்பளவு வரும். மதுரைக்கு ஓராண்டு முழுவதும் கிடைப்பதே ஏறத்தாழ 85 செ.மீ. தான்.

செல்லம்பட்டி ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. மழைமானி வைத்து மூன்று வாரங்கள் ஆகின்றன. ஐயா சொன்னபடி கொடிமரத்தில் நாடாவும் கட்டியிருக்கிறோம். கைப்பேசியைப் பொய்யன் என்ற சிறுவன்தான் இப்போது காலை 8:30-க்கு முதல் ஆளாக வந்து நிற்கிறான். இரண்டு முறை மழை பெய்தது. முதல் முறை எங்களுக்கு 7 மில்லிமீட்டர். உசிலம்பட்டிப் பட்டியலில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். இரண்டாவது மழைக்கு மறுநாள் காலை, அளப்பதற்கு முன்பாகவே ஓர் ஆடு பாட்டிலைத் தட்டிவிட்டது. சிறுவன் அட்டவணையில் 0 என்று எழுத மறுத்துவிட்டான். எங்கள் இருவருக்கும் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

இன்னொன்று. நேற்று உசிலம்பட்டி, கொடைக்கானல் இரண்டின் வெப்பநிலையையும் திரையில் பார்த்தோம். மலை சூரியனுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கே ஏன் குளிர்கிறது என்று ஒரு சிறுமி கேட்டாள்.

மேலூர் அறிவியல் ஆசிரியர்

அவன் மறுத்தது சரி. 0 என்றால் மழை இல்லை என்று அளந்து கண்டதாகப் பொருள். வானிலை நிலையங்களிலும் அளக்க முடியாத நாளைச் சுழியாக்க மாட்டார்கள். அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டு, ஓரத்தில் ‘ஆடு’ என்று காரணத்தை எழுதச் சொல்லுங்கள். பாட்டிலைச் சுற்றி மூன்று செங்கல் வைத்துவிடுங்கள், ஆனால் செங்கல் பாட்டிலின் வாயைவிட உயரமாக இருக்கக் கூடாது. தெறிக்கும் நீர் உள்ளே விழும்.

சூரியன் ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இரண்டு கிலோமீட்டர் ஏறிப் போவதால் அது பக்கத்தில் வந்துவிடாது. வெயில் முதலில் தரையைச் சூடாக்குகிறது, தரைதான் காற்றைச் சூடாக்குகிறது. அந்தக் காற்று மேலே எழும்போது அழுத்தம் குறைவதால் விரிந்து குளிர்கிறது. சராசரியாக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி குறையும் என்று சொல்லி, கொடைக்கானல் உங்கள் ஊரைவிட ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம் என்பதையும் கொடுத்துவிடுங்கள். உங்கள் ஊர் வெப்பநிலையிலிருந்து 13 டிகிரியைக் கழித்துக் கொடைக்கானலுக்கான எண்ணை அவர்களே கரும்பலகையில் எழுதிய பிறகு, திரையைத் திறங்கள். மேகமூட்டமான நாளிலும் வெயில் நாளிலும் ஒருமுறை செய்து பாருங்கள். இரண்டு நாளும் ஒரே அளவு பொருந்தாது, எங்கள் வகுப்பில் அதை வைத்தே இரண்டு பாடவேளை ஓடியது.