அப்பாவின் விரல் நின்ற சொல்

குழுவுக்குள் எப்படி வந்தோம் என்று ஒவ்வொருவராக எழுதி வருகிறீர்கள். என் கதை 2009 ஜூன் 28, மெரினாவில் தொடங்குகிறது. தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் சேர்ந்து நடந்த சென்னையின் முதல் வானவில் பேரணி. கண் மட்டும் தெரியும்படி கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் நடந்தேன். தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் வேலை போய்விடும் என்ற பயம். கடல் பக்கம் திரும்பவே இல்லை. முன்னால் போனவரின் செருப்பைப் பார்த்தபடியே நடந்தேன். நான்கே நாளில், ஜூலை 2 அன்று, டெல்லி உயர் நீதிமன்றம், தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆவது சட்டப்பிரிவின் பிடியிலிருந்து நம்மை விடுவித்தது. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய, மறுபடியும் குற்றவாளிகள் ஆனோம். உச்ச நீதிமன்றமே அதைக் குற்றமில்லை என்று சொன்ன 2018 செப்டம்பர் 6 வரை அதே நிலைதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஒரு சொல்லைப் பற்றி. உலகமெங்கும் 'பிரைடு' என்று அழைப்பதை நம்மவர்கள் 'பெருமை' என்று பெயர்க்காமல் 'சுயமரியாதை' என்று வைத்தார்கள். வானவில் சுயமரியாதைப் பேரணி. எவ்வளவு யோசித்து வைத்த பெயர்! என் அப்பா பெரியார் திடலுக்குப் போய்வந்த மனிதர். தாலி கட்டாமல் திருமணம் செய்துகொண்டவர். சில வருடங்கள் கழித்து, வாய் திறந்து சொல்லத் துணிவில்லாமல், பேரணித் துண்டறிக்கையை அவர் கையில் கொடுத்தேன். வரிவரியாக நகர்ந்த விரல் அந்தச் சொல்லின் மேல் நின்றது.

"பொருள் தெரிந்துதான் போட்டிருக்கிறீர்களா?"

"தெரிந்துதான் அப்பா."

வேறெதுவும் கேட்கவில்லை. அறிக்கையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

* * *

அண்ணா, உங்கள் கதையைப் படித்துவிட்டு அழுதேன். உங்கள் அப்பாவிடம் அந்தச் சொல் செய்த வேலையை எங்கள் வீட்டில் செய்தது ஒரு நீதிமன்ற உத்தரவு. 2021 தொடக்கத்தில் என்னை ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார்கள். "மாற்றிவிடலாம்" என்றார் அவர். மாத்திரை மயக்கத்தில் மூன்று மாதம் போனது. ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் நம்மைப் போன்றவர்களை மருத்துவத்தால் 'மாற்றும்' முயற்சிகளுக்குத் தடை விதித்தார். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து அடைக்கலம் தேடிய, ஒருவரையொருவர் காதலித்த இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கு அது. தனக்கே இதில் புரிதல் போதாது என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அவர் எழுதிய உத்தரவு. குழுவிலிருந்த அக்கா ஒருவர் அதைத் தமிழில் எனக்கு விளக்கிச் சொன்னார். நான் அம்மாவுக்குச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா கையை நிறுத்தினார்.

"அந்தப் பிள்ளைகள் ரெண்டு பேரும் இப்போது பத்திரமாக இருக்கிறார்களா?" என்றுதான் முதலில் கேட்டார்.