96 குழித் தட்டில் பயோஃபிலிம் அளந்தவர்களின் அனுபவங்கள்

ஊதாக்குழி
கிருமிகள் ஒரு பரப்பில் ஒட்டி உருவாக்கும் படலமான பயோஃபிலிமில் ஊதாச் சாயமேற்றி, சாயத்தைக் கரைத்து, அதன் நிற அடர்த்தியை அளக்கும் கிரிஸ்டல் வயலட் முறை இங்குள்ள எல்லோருக்கும் பழக்கம் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். கதீட்டர் நுனியிலிருந்து பிரித்தெடுத்த ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸை, 1% குளுக்கோஸ் சேர்த்த டிரிப்டிக் சோய் பிராத்தில் (திரவ வளர்ப்பூடகம்) 37 டிகிரியில் 24 மணி நேரம் வளர்த்துவிட்டு, பஃபரால் கழுவிக்கொண்டிருந்தோம். இரண்டாவது கழுவலில் ஒரு குழியின் அடியிலிருந்த வெண்படலம் ஓரம் சுருண்டு, முழுத் துண்டாக எழும்பி, பிப்பெட் முனைக்குள் போய்விட்டது. அதே ஸ்ட்ரெய்ன் இருந்த மற்ற இரு குழிகளில் படலம் அசையவே இல்லை. சாயமேற்றி அளந்தபோது அவை 0.7, 0.8 என்றும், இது 0.1 என்றும் வந்தன. படலம் உண்டு என்று கொள்ளத் தாண்ட வேண்டிய அளவான எங்கள் வெட்டெல்லை 0.15. அதன் நான்கு மடங்கைத் தாண்டினால் ‘வலுவானது’, இரண்டு முதல் நான்கு மடங்குக்குள் ‘நடுத்தரம்’ என்பதால், சராசரிப்படி அந்தக் கிருமி நடுத்தர வகையில் விழுந்தது. ஆனால் தட்டில் நடுத்தரமான குழி ஒன்றுகூட இல்லை. அந்தக் குழியை விலக்கிவிடச் சொன்னார்கள். எந்த விதியின்படி விலக்குவது என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

நுண்ணோக்கி
கழுவுவதை மட்டும் குறை சொல்ல வேண்டாம். எங்கள் ஆய்வகத்தில் சூடோமோனாஸ் ஏருஜினோசாவுக்கு எதிர்பாராமல் குறைந்த அளவு வந்தபோது தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தோம். குழியின் அடி தெளிவாக இருந்தது. மேலே, பிராத்தும் காற்றும் சந்தித்த மட்டத்தில், கருநீல வளையம் அப்படியே ஒட்டியிருந்தது. சாயத்தைக் கரைக்க ஊற்றிய 33% அசெட்டிக் அமிலம் வளையத்துக்குக் கீழேயே நின்றுவிட்டது. அந்தக் கிருமி அந்த மட்டத்தில்தான் விரும்பி ஒட்டும் என்று தெரிந்தும், எபிடெர்மிடிஸுக்கு எழுதிய நெறிமுறையை யாரோ அதற்கும் பயன்படுத்தியிருந்தார்கள். உங்கள் கணக்கிலும் மூன்று குழிகள் போதாது என்பது என் கருத்து.

பழைய லேப்காரர்
என் அனுபவம் சிறியது. கிருமிநாசினி ஊற்றிய தட்டும் ஊற்றாத தட்டும் ஒரே ஊதா நிறத்தில் நின்றன. படலத்தைச் சுரண்டி அகாரில் பூசிப் பார்த்தபோது முதல் தட்டிலிருந்து ஒரு காலனிகூட எழவில்லை. கிரிஸ்டல் வயலட் உயிருள்ள செல், செத்த செல், அவற்றைச் சூழ்ந்த பசை என எல்லாவற்றிலும் ஏறும். ஆகவே மருந்துச் சோதனைக்கு, உயிருள்ள செல்களால் நிறம் மாறும் ரெசசுரினையோ காலனி எண்ணிக்கையையோ கூடவே வையுங்கள்.

அது போகட்டும், இளைஞர்களுக்குச் சில சொல்கிறேன். ஓரக் குழிகள் சீக்கிரம் ஆவியாகும் என்பதால் அவற்றில் கிருமி விடாமல் மலட்டு நீரை நிரப்புங்கள். ஏடிசிசி கிருமிச் சேகரிப்பின் எபிடெர்மிடிஸ் ஸ்ட்ரெய்ன்களில், படலம் உருவாக்கும் 35984-ஐ பாசிட்டிவாகவும், உருவாக்காத 12228-ஐ நெகட்டிவாகவும் வைப்பதோடு, கிருமி சேர்க்காத பிராத்தையும் ஒவ்வொரு தட்டிலும் வையுங்கள். வெட்டெல்லை என்பது அந்த வெறும் பிராத்தின் சராசரியுடன் அதன் திட்ட விலக்கத்தைப் போல் மூன்று மடங்கைக் கூட்டியது. ஒரு தட்டின் வெட்டெல்லையை இன்னொரு தட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். நிற அடர்த்தியை அளக்கும் ரீடர் கருவியின் மேல் வரம்பை எட்டும் குழிகளை நீர்த்துவிட்டு மறுபடி அளந்து பெருக்குங்கள். திசு வளர்ப்புக்காகப் பதப்படுத்திய பாலிஸ்டைரீன் தட்டும் சாதாரணத் தட்டும் ஒரே விடை தராது. எது என்று எழுதி வையுங்கள். சாயத்துக்கு முன் 60 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் படலம் உறைந்து நிற்கும். ஊதாக்குழிக்கு வந்த சிக்கலே எழாது.

கருங்காலனி
ஐயா, மன்னிக்கவும், கடைசி வரி பொருந்தவில்லை. சூட்டில் பதிப்பது கழுவிய பிறகு வரும் படி. அவருடைய படலம் போனது கழுவும்போது. கழுவாமலே பதித்தால் ஒட்டாமல் மிதக்கும் செல்களும் சேர்ந்து உறைந்துவிடும்.

எனக்கு நேர்ந்தது, படலம் உருவாக்கும் கிருமியைக் கருப்புக் காலனியால் அடையாளம் காணும் காங்கோ ரெட் அகாரில். பிரித்தெடுத்த ஒரே கிருமி அகாரில் உலர்ந்த கருங்காலனியாக வந்தது, தட்டிலோ வெட்டெல்லையைத் தொடவில்லை. இரண்டில் ஒன்றை நம்பச் சொன்னார்கள். காலனியின் நிறமும் பிளாஸ்டிக்கில் ஒட்டும் திறனும் ஒன்றல்ல என்பதால், நான் இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதினேன். ஊதாக்குழி, நீங்களும் சராசரியோடு மூன்று குழி அளவுகளையும் தனித்தனியாகக் கொடுத்து, ‘இரண்டாவது கழுவலில் படலம் பிரிந்தது’ என்று குறித்துவிடுங்கள்.