கொவிட்டுக்குப் பின் அப்பாவின் ஈரல் பரிசோதனை முடிவு உயர்ந்துள்ளது: மருந்தை நிறுத்தலாமா?

வெள்ளவத்தை மகள்:

வணக்கம். எனது அப்பாவுக்கு 63 வயது. நீரிழிவும் உடற்பருமனும் உண்டு, மது அருந்துவதில்லை. கொவிட் தொற்றுடன் ஆறு நாட்கள் வைத்தியசாலையில் இருந்து, அதில் இரண்டு நாட்கள் ஒட்சிசன் பெற்று, கடந்த வாரம் துண்டு வெட்டி வீட்டுக்கு வந்துவிட்டார். டயக்னோசிஸ் காட்டுடன் இருந்த இரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஈரல் நொதியங்களான ஏ.எல்.ரி. 104, ஏ.எஸ்.ரி. 78 என்று இருக்கிறது. மஞ்சட்காமாலையைக் காட்டும் பிலிருபின் சாதாரண அளவில்தான் உள்ளது. விடுதியில் கேட்டபோது, இரண்டு வாரத்தில் கிளினிக்குக்கு வரும்படி மட்டும் சொன்னார்கள். அப்பாவோ தன் ஈரல் பழுதாகிவிட்டது என்று தானே முடிவெடுத்து, பல வருடங்களாக எடுத்துவரும் கொலஸ்ட்ரோல் குளிசையை நிறுத்திவிட்டார். அம்மா, அயலவர் சொன்னபடி, காலையும் மாலையும் சீந்தில் அவித்துக் கொடுக்கிறார். இந்த உயர்வுக்கு வைரசுதான் காரணமா? குளிசையை நிறுத்தியது சரியா? அறிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற வைத்தியர், தெஹிவளை:

மகள், கொவிட்டுடன் வைத்தியசாலையில் சேர்பவர்களிடம் இந்த நொதியங்கள் உயர்வது அரிதான செய்தி அல்ல. 2020 இன் தொடக்கத்தில் சீனாவிலிருந்து வந்த அறிக்கைகளிலேயே 14 முதல் 53 சதவீதமானோரிடம் இது காணப்பட்டது. அதற்காக வைரசு நேரே ஈரலை அரிக்கிறது என்று பொருள் கொள்ள வேண்டாம். வைரசு பற்றிக்கொள்ளும் ஏ.சி.ஈ.2 ஏற்பிகள் ஈரற்கலங்களைவிடப் பித்தக் குழாய்களின் உட்சுவரிலேயே அதிகம். அப்படியிருந்தும் பெரும்பாலான நோயாளிகளில் உயர்வது பித்தக் குழாய்ப் பாதிப்பைக் காட்டும் ஏ.எல்.பி. அல்ல, நீங்கள் எழுதிய இந்த இரண்டும்தான். உடலெங்கும் மூளும் அழற்சி, நுரையீரல் தளரும்போது ஈரலுக்குக் கிடைக்கும் ஒட்சிசன் குறைவது, நாம் கொடுக்கும் மருந்துகள், முன்பே இருந்த ஈரல் நோய் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ சேர்ந்தே இந்த உயர்வை உண்டாக்குகின்றன. ரெம்டெசிவிர் என்ற வைரசு எதிர்ப்பு மருந்து ஏற்றப்பட்டிருந்தால் அதுவும் ஒரு காரணமாகலாம் என்பதால் டயக்னோசிஸ் காட்டை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

என் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. கொவிட்டில் பெரும்பாலும் ஏ.எஸ்.ரி. தான் முந்தி நிற்கும். அது தசையிலும் இதயத்திலும் உள்ள நொதியம் என்பதால் ஈரலை மட்டும் குறிப்பதுமில்லை. உங்கள் அப்பாவுக்கு ஏ.எல்.ரி. முந்தியிருக்கிறது. நீரிழிவும் உடற்பருமனும் உள்ள ஒருவரிடம் இதைக் கண்டால் நான் முதலில் கொழுப்பு ஈரலைத்தான் சந்தேகிப்பேன். றாகமவில் 35 முதல் 64 வயது வரையானோரிடம் செய்த ஆய்வில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு அது இருந்தது. கொவிட்டுக்கு முன் எடுத்த பழைய அறிக்கை ஏதும் வீட்டில் இருந்தால் தேடி எடுங்கள். அதில்லாமல் இந்த எண்ணை மட்டும் வைத்து யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கொலஸ்ட்ரோல் குளிசையைப் பொறுத்தவரை, நொதியங்கள் சாதாரண உச்ச அளவின் மூன்று மடங்குக்குக் குறைவாக இருக்கும்போது பொதுவாக அதை நிறுத்துவதில்லை. நீரிழிவுள்ளவருக்கு மாரடைப்பைத் தடுக்கும் மருந்து அது. இன்றே உங்கள் வைத்தியருக்குத் தொலைபேசியில் சொல்லி, அவர் சொல்வதுபோல் செய்யுங்கள். சீந்திலை மட்டும் தயவுசெய்து உடனே நிறுத்துங்கள். 2020 இல் மும்பையில், அதைத் தொடர்ந்து உட்கொண்ட ஆறு பேருக்கு ஏற்பட்ட ஈரல் அழற்சியை வைத்தியர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். ஏற்கனவே வாடியிருக்கும் ஈரலுக்கு இன்னொரு சுமை வேண்டாம்.

கொட்டாஞ்சேனை வாசகர்:

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் எங்கள் வீட்டில் இதைக் கவனிக்காமல் விட்டுத்தான் வருந்தினோம். வைத்தியசாலைக்குப் போகுமுன் வீட்டில் இருந்த நாட்களில் அப்பா எத்தனை பரசிற்றமோல் எடுத்தார் என்று கணக்குப் பாருங்கள். நாங்கள் எல்லாவற்றையும் பனடோல் என்றே சொல்லிப் பழகியவர்கள். அதனால் தடிமனுக்கு பாமசியில் வாங்கும் குளிசையிலும் அதே மருந்து இருப்பது கண்ணில் படுவதில்லை. 500 மில்லிகிராம் குளிசையில் ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகக்கூடாது. உணவு இறங்காமல் மெலிந்திருப்பவர்களுக்கு அந்த எட்டே அதிகமாகிவிடலாம். என் தம்பிக்கு ஏ.எல்.ரி. பல நூறுக்கு ஏறிய பிறகே, அவன் இரண்டு பெயர்களில் ஒரே மருந்தை விழுங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. நல்லவேளையாகத் தேறிவிட்டான்.

வெள்ளவத்தை மகள்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு அப்பாவின் அறை ஜன்னலோரம் கிடந்த வெற்றுக் குளிசை அட்டைகளை மேசையில் பரப்பி அம்மாவோடு இருந்து எண்ணினேன். காய்ச்சல் கடுமையாக இருந்த நான்கு நாட்களும் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரண்டு பனடோல் குளிசைகள் எடுத்திருக்கிறார். அதற்கு மேல் இரவில் தடிமன் குளிசை இரண்டு. அந்த அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் பரசிற்றமோல் 500 என்று இருந்தது. நாளொன்றுக்குப் பத்து. அம்மா அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. அவர்மீது எந்தக் குற்றமும் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அலுமாரியில் 2019 ஆம் ஆண்டு அறிக்கையும் கிடைத்தது. அப்போதே ஏ.எல்.ரி. 62, ஸ்கான் அறிக்கையில் கொழுப்பு ஈரல் என்று எழுதியிருக்கிறது, ஆனால் எங்களுக்கு யாரும் விளக்கியதாக நினைவில்லை. சீந்திலை நிறுத்திவிட்டோம். குளிசையை மீண்டும் தொடங்கும்படி வைத்தியர் சொல்லிவிட்டார்.

ஓய்வுபெற்ற வைத்தியர், தெஹிவளை:

மிக நல்ல வேலை செய்தீர்கள், மகள். அந்தப் பழைய அறிக்கையையும் குளிசைக் கணக்கையும் ஒரு தாளில் எழுதி கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். 62 இல் இருந்தவர் 104 க்கு வந்திருக்கிறார் என்பதும், பூச்சியத்திலிருந்து பழுதானார் என்பதும் ஒன்றல்ல. கொவிட்டோடு வந்த உயர்வு பெரும்பாலும் சில வாரங்களில் இறங்கும். இறங்கிய பின்னும் கொழுப்பு ஈரல் அங்கேயே இருக்கும் என்பதால் எடையையும் சீனியையும் இனிமேல்தான் கவனிக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகளையும் ஒருமுறை செய்யச் சொல்லுங்கள்.

கிளினிக் திகதிக்கு முன் கண் மஞ்சளித்தால், சிறுநீர் தேயிலைச் சாயம்போல் போனால், வயிறு வீங்கினால், பேச்சில் தடுமாற்றம் தெரிந்தால் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். மீண்டும் காய்ச்சல் வந்தால் கொவிட்டின் தொடர்ச்சி என்று இருந்துவிட வேண்டாம். இந்த மழைக்குக் கொழும்பில் டெங்கும் எலிக்காய்ச்சலும் இருக்கின்றன, இரண்டுமே ஈரலைத் தாக்கும், ஆகவே உடனே வைத்தியரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.