புதுப்பிப்பு: அப்பத்தா போட்டோ பிரிண்ட் நல்லா வந்துருச்சு

பிரிண்ட் போட்டா அப்பத்தா முகம் கறுத்து, வைரத் தோடு மங்கிப்போய் வருதேன்னு கேட்டிருந்தேன்ல, இப்ப காரைக்குடியிலயே அருமையா வந்துருச்சு. வாட்ஸ்அப் காப்பிய விட்டுட்டு கேமரா ஒரிஜினலையே பென்டிரைவ்ல கொண்டுபோனோம், 12க்கு 18 இஞ்ச்சுக்கு 300 டிபிஐன்னா (ஒரு இஞ்ச்சுக்கு 300 புள்ளி) 3600க்கு 5400 பிக்சல் வேணும், அது இருந்துச்சு. மானிட்டர் வெளிச்சத்த நல்லா குறைச்சுப் பாத்தாத்தான் படமே இருட்டுன்னு தெரியுது, அதனால முகத்துல மட்டும் வெளிச்சத்த கொஞ்சம் தூக்கிவிட்டு எஸ்ஆர்ஜிபிங்கிற வழக்கமான கலர் செட்டிங்ல சேவ் பண்ணி, அதே பேப்பர்ல முதல்ல சின்னதா ஒரு டெஸ்ட் பிரிண்ட் பாத்துக்கிட்டோம். வளவுல, அதாவது முற்றத்த ஒட்டின உள்பகுதில மாட்டுறதுன்னா பளபளப்பு இல்லாத மேட் பேப்பரே எடுங்க, பளபளன்னு இருக்குற கிளாஸி பேப்பர்ல முற்றத்து வெளிச்சம் பட்டு முகமே தெரியாது. லேப் அண்ணன்கிட்ட, மெஷினே தானா வெளிச்சத்தையும் கலரையும் மாத்துற ஆட்டோ கரெக்‌ஷன் வேணாம்னு கண்டிப்பா சொல்லிருங்க. கண்டாங்கி சேலையோட அரக்கு கலர், கண்ணோரத்து சுருக்கம் எல்லாம் அப்படியே இருக்கு, அப்பத்தாவுக்கு ரொம்ப சந்தோஷம்.