பதவி உயர்ந்தது, பிடித்த வேலை கைவிட்டுப் போனது: உங்கள் அனுபவம் என்ன?

14 வருடமாகக் கட்டமைப்புப் பொறியாளராக இருக்கிறேன். ஒரு கட்டடத்தின் தூணும் பீமும் எவ்வளவு பளு தாங்க வேண்டும், அதற்கு எத்தனை கம்பி, என்ன தடிமன் என்று கணக்குப் போடுவது என் வேலை. ஆசைப்பட்டுச் சேர்ந்த துறை இது. முன்னேற வேண்டும் என்ற வெறியும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். 36 வயதில் துறைத் தலைவர் ஆனேன்.

இரண்டாவது வருடம் ஒரு நாள் சைட்டிலிருந்து போன். "மேடம், இந்த பீம்ல மேல் கம்பியோட லேப் தூண் ஓரத்துலயே வருது. அப்படியே கட்டிடவா?" லேப் என்றால் இரண்டு கம்பிகளின் முனைகளை ஒன்றோடொன்று சேர்த்து வைத்துக் கட்டும் இணைப்பு. டிராயிங்கை எடுத்துப் பார்த்தேன். மேல் கம்பிக்கு இழுவிசை அதிகம் வருவது தூண் ஓரத்தில்தான். அதனால் அந்தக் கம்பியை இரண்டு தூண்களுக்கும் நடுவில்தான் இணைக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆன பிள்ளைக்குக்கூட இது தெரியும். டிராயிங்கின் கீழே என் கையெழுத்து இருந்தது. பார்க்காமலே போட்டிருக்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு மூத்த பொறியாளர் இருந்தார். ஓய்வுக்கு எட்டு மாதம் மீதி. அவரிடம் எடுத்துப் போனேன். அவர் திட்டவில்லை. பென்சிலை எடுத்து, பழைய காகிதத்தின் பின்பக்கத்தில் அந்த பீமின் வளைவு எப்படி வரும் என்று ஒரு கோடு இழுத்தார். தூண் பக்கம் வந்ததும் பென்சிலை அழுத்தினார். அப்புறம் நிமிர்ந்து, "நீ கடைசியா எப்பம்மா கையால கணக்குப் போட்ட?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

என் நாற்காலியை அவருக்கு இரண்டு முறை கொடுத்தார்கள், அவர் வேண்டாம் என்றவர். ஆசை இல்லாத மனிதர் என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்று அதையும் வாய்விட்டுக் கேட்டேன். "எனக்கு ஆசை இல்லைன்னு யார் சொன்னா? இன்னும் பெரிய ஸ்பானா, தூணுக்குத் தூண் இன்னும் தூரமா வச்சு டிசைன் பண்ணணும்னு ராத்திரியெல்லாம் யோசிக்கிறவன் நான். அங்க உட்கார்ந்தா அது நடக்காது" என்றார்.

வீட்டுக்கு வந்து காலண்டரைத் திறந்து எண்ணினேன். அந்த வாரம் 50 மணி நேர வேலையில் 31 மணி நேரம் மீட்டிங். உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வை விவரித்தபோது மூன்று அடையாளங்களைச் சொன்னது: தீராத களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகுவது அல்லது கசந்துபோவது, செய்திறன் குறைவது. எனக்குக் களைப்பே இல்லை, நன்றாகத் தூங்கினேன். அதனால்தான் இரண்டாவது அடையாளம் வந்து உட்கார்ந்ததைக் கவனிக்கவில்லை.

டிசைன் வேலைக்கே திரும்புகிறேன் என்று சொல்ல ஐந்து மாதம் ஆனது. சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. வீட்டுக் கணக்கை நானும் கணவரும் இரண்டு இரவு உட்கார்ந்து மறுபடி போட்டோம். அதைவிடக் கஷ்டம், பார்ப்பவர்களெல்லாம் "ஆபீஸ்ல என்ன பிரச்சினை?" என்று கேட்டதுதான். நான் வேலை கற்றுக்கொடுத்த பையன் இன்று எனக்கு மேலதிகாரி. முக்கிய முடிவு எடுக்கும் அறைக்குள் அவர் போக, நான் வெளியே இருக்கும் நாட்களில் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் போன மாதம் ஒரு நீள ஸ்பானுக்கு நான் போட்ட கணக்கு முதல் முறையிலேயே சரியாக வந்தது. அன்று இரவு சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

உங்களை இப்படி நிறுத்திக் கேள்வி கேட்ட மனிதரோ நாளோ இருந்தால் எழுதுங்கள்.

———

எனக்கு அது அம்மாவின் குரல்.

விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். மண்டலத் தலைவர் பதவிக்காக மூன்று வருடம் ஓடினேன், வாரம் 60, 65 மணி நேரம். அம்மாவுக்கு டைப் செய்ய வராது, குரல் செய்திதான் அனுப்புவார். அதை இரண்டு மடங்கு வேகத்தில் வைத்துக் கேட்பேன். மூன்று நிமிடச் செய்தி ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். நேரத்தை மிச்சம் பிடித்தேன் என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் போனை மாற்றினேன். புதுப் போனில் அம்மாவின் செய்தி சாதாரண வேகத்தில் ஓடியது. இரண்டு வார்த்தை, ஒரு மூச்சு. மறுபடி இரண்டு வார்த்தை, ஒரு மூச்சு. வேகத்தைக் கூட்டிக் கேட்டபோது அந்த மூச்சிரைப்பு எனக்குக் கேட்டதே இல்லை. பழைய செய்திகளைத் தேடிப் போட்டுப் பார்த்தேன். நான்கு மாதமாகவே அப்படித்தான் பேசியிருக்கிறார்.

டாக்டரிடம் கூட்டிப் போனேன். கடுமையான இரத்தசோகை. நல்லவேளையாக மருந்தில் சரியானது. அன்று அந்த டாக்டர், "கூட வந்தவரும் கையை நீட்டுங்க" என்று என் இரத்த அழுத்தத்தையும் பார்த்தார். 160/100. எத்தனை மணி நேரம் வேலை என்றுதான் அடுத்து கேட்டார். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வைப் பிறகு படித்தேன். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகமாம். நீண்ட நேர உழைப்போடு தொடர்புள்ள பக்கவாதத்தாலும் இதய நோயாலும் 2016இல் மட்டும் 7,45,000 பேர் இறந்திருக்கிறார்கள்.

இரவு எட்டுக்கு மேல் வேலை போன்களை எடுப்பதை நிறுத்தினேன். ஒரு பெரிய வாடிக்கையாளர் போய்விட்டார். அந்த வருடப் பதவி வேறொருவருக்குப் போனது. அடுத்த வருடமாவது கிடைத்ததா என்றால், இல்லை. இன்னும் விண்ணப்பித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தப் பதவி எனக்கு வேண்டும்.

———

என் கதை நேர் எதிர். "குழந்தைகளைப் பார்த்துக்கொள், அதில் இல்லாத சந்தோஷமா?" என்றார்கள். நானும் நம்பி இரத்தப் பரிசோதனைக் கூட வேலையை விட்டேன். 11 வருடம்.

மகனுக்குக் காய்ச்சல் வந்து பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தோம். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 62,000தான், ரொம்பக் குறைவு என்று அறிக்கை. பையன் ஓடியாடிக்கொண்டிருக்கிறான், உடம்பில் ஒரு சிவப்புப் புள்ளி இல்லை. கவுன்டரில் இருந்த பையனிடம் போய், "ஸ்மியர் போட்டு மைக்ராஸ்கோப்ல பார்த்தீங்களா? லாவெண்டர் மூடி டியூப்ல சிலருக்குத் தட்டணுக்கள் ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும், மெஷின் குறைச்சு எண்ணிடும். நீல மூடி சிட்ரேட் டியூப்ல இன்னொரு தடவை எடுங்க" என்றேன். எடுத்தார்கள். 1,90,000. "சிட்ரேட் திரவம் சேர்ந்து இரத்தம் கொஞ்சம் நீர்த்திருக்கு, 1.1ஆல பெருக்கிக்கோங்க" என்று அதையும் சொன்னேன். பையன் வியந்துபோய், "மேடம் எந்த லேப்ல இருக்கீங்க?" என்று கேட்டான்.

வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது அழுதேன். அந்தக் கேள்வி என்னை அழவைக்கவில்லை. அந்தப் பத்து நிமிடம் நான் எவ்வளவு உயிரோடு இருந்தேன் என்பது புரிந்துதான் அழுகை வந்தது.

43 வயதில் கடைநிலையில் மறுபடி சேர்ந்தேன். மேற்பார்வையாளர் என்னைவிடப் பத்து வயது இளையவர். சாயந்திரம் பிள்ளைகளுக்கு நான் இருப்பதில்லை, அந்தக் குறை மனதில் உண்டு. ஆனால் லட்சியம் ஒரு பக்கம், மகிழ்ச்சி ஒரு பக்கம் என்று யாராவது பிரித்துச் சொன்னால் எனக்கு இப்போது கோபம் வருகிறது. எனக்கு இரண்டும் ஒரே இடத்தில் இருந்தது.

———

நான் செவிலியர். மேலே எழுதிய மூவருக்கும் எடுக்க ஒரு முடிவாவது கையில் இருந்தது. எட்டு மணிக்கு மேல் போனை எடுக்காமல் என்னால் இருக்க முடியாது. எட்டு மணிக்குத்தான் என் டியூட்டியே ஆரம்பிக்கும்.

என் வாழ்க்கையை மாற்றியவர் புதிதாக வந்த வார்டு இன்சார்ஜ். அதுவரை டியூட்டி பட்டியல் ஞாயிறு மாலைதான் வரும். அவர் ஒரு மாதம் முன்பே ஒட்டினார். அவ்வளவுதான் செய்தார். எந்த நாள் இரவு, எந்த நாள் ஓய்வு என்று முன்கூட்டியே தெரிந்ததால் மேற்படிப்பு வகுப்பில் சேர முடிந்தது. தங்கை கல்யாணத்தில் முழுசாக இரண்டு நாள் நின்றேன். வேலை நேரம் ஒரு மணி நேரம்கூடக் குறையவில்லை. தயவுசெய்து மேலதிகாரிகளாக இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

———

முதலில் எழுதியவள்தான். செவிலியர் தோழி எழுதியதைப் படித்ததிலிருந்து வேறு எதுவும் ஓடவில்லை. துறைத் தலைவராக இருந்த நாட்களில் மறுநாள் யார் எந்த சைட் போக வேண்டும் என்று ராத்திரி பதினொரு மணிக்குத்தான் செய்தி அனுப்புவேன். பகலெல்லாம் மீட்டிங், எனக்கு அப்போதுதான் நேரம் கிடைக்கும். மறுநாளைக்கு அவர்கள் என்னென்ன நினைத்து வைத்திருந்தார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அந்தக் குழுவில் இருந்த இருவர் இன்றும் அதே மாடியில்தான் இருக்கிறார்கள். திங்கட்கிழமை போய் அவர்களிடம் பேசப் போகிறேன்.